கிட்டார் கேட்கிறதா?

"டிரம் கேக்குது. ஆர்கன் கேக்குது. கிட்டார்தான் கேக்கல" என்றாள் லிஸ்பெத்.

அவள் மேசையில் அமர்ந்து விருந்துக்கான நாப்கின்களை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே மடிக்கணினிக்கு முன்னால் அவள் கணவர் கார்ஸ்டன் அமர்ந்திருந்தார். தாம் பதிவு செய்ததை அவர் அப்போதுதான் அவளுக்குப் போட்டுக் காட்டியிருந்தார். டிரம்மும் ஆர்கனும் அடங்கிய பின்னணி இசை இணையத்தில் வாங்கியது. கிட்டார் மட்டுமே அவருடைய சொந்த விரல்களின் உழைப்பு. மூன்று மணி நேர உழைப்பு. அதுதான் கேட்கவில்லையாம்.

அன்று திங்கட்கிழமை. சனிக்கிழமை லிஸ்பெத்தின் பெற்றோருக்குத் திருமணப் பொன்விழா. அவளும் அவள் அண்ணன் தோர்கிலும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய மெட்டுக்கு ஏழு சரணங்கள் எழுதி முடித்துவிட்டார்கள். நாற்பத்தெட்டுத் தாள்கள் அச்சாகி, சுருட்டி, சிவப்பு நாடா கட்டப்பட்டுத் தயாராக இருந்தன. விருந்தினர் நாற்பத்தெட்டுப் பேரும் பாட, பின்னால் கார்ஸ்டனின் பதிவு ஒலிக்க வேண்டும். நேரில் வாசிக்கலாமே என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. நான்கு பேர் முன்னால் உட்கார்ந்தால் அவருடைய விரல்கள் மரத்துப்போகும் என்பது குடும்பம் அறிந்த செய்தி.

குடும்பம் அறிந்த செய்தி இன்னொன்றும் உண்டு. ஐந்தாண்டுகளுக்கு முன் மாமனார் ஐனரின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கும் கார்ஸ்டன் இதேபோல ஒரு பதிவு செய்துகொடுத்தார். அன்று கிட்டார் அவ்வளவு ஓங்கி ஒலித்ததால், பாடியவர்களின் வாய் அசைந்தது மட்டுமே தெரிந்தது. ஒன்பது சரணங்களும் ஐனரின் வாழ்க்கையைப் பற்றியவை. பாட்டு முடிந்ததும் அவர் நன்றி கூறிவிட்டு, "பாட்டு யாரைப் பத்தினது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அந்த வீட்டில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

ஐனர் நாற்பதாண்டுக் காலம் துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிகாட்டிக் கொண்டுவந்தவர். மூடுபனியில் பேச்சைக் குறைத்து ஒலிகளை மட்டும் கேட்டுப் பழகியதாலோ என்னவோ, ஓய்வு பெற்ற பிறகும் அவர் அதிகம் பேசுவதில்லை. பேசினால் அது நீண்ட நாள் நிற்கும்.

லிஸ்பெத் இம்முறை நிபந்தனையை முன்கூட்டியே விதித்துவிட்டாள். "அப்பா காதுல ஒவ்வொரு வார்த்தையும் விழணும், கார்ஸ்டன். விழுந்துச்சுன்னா கிட்டார் ஹால்ல இருக்கும். இல்லன்னா கோடை வீட்டுக் கொட்டகையில துடுப்போட துடுப்பா தொங்கும். அப்புறம் நம்ம விருந்துக்கெல்லாம் அண்ணனோட அக்கார்டியன்தான்."

கொட்டகையில் ஈரக்காற்று அடிக்கும். ஒரு குளிர்காலம் போதும், கிட்டாரின் கழுத்து வளைந்துவிடும். இதை கார்ஸ்டன் நன்கு அறிவார். அதைவிட, தோர்கிலின் அக்கார்டியனை அவர் இன்னும் நன்றாக அறிவார்.

ஆகவே அவர் கிட்டாரின் ஒலியைக் கூட்டினார். லிஸ்பெத் இயர்போனை மறுபடியும் காதில் செருகிக்கொண்டாள். ஒரு காதில்தான். மறு காதில் தொலைபேசி இருந்தது. விழா ஏற்பாடுகளைப் பற்றி அவள் அம்மாவோடு பேசி முடித்தபாடில்லை. சற்றுக் கேட்டுவிட்டு, இல்லை என்று தலையசைத்தாள். அவர் இன்னும் கூட்டினார். அவள் இன்னும் தலையசைத்தாள். காது மருத்துவரை ஒருமுறை பார்க்கலாமா என்று அவர் மென்மையாகக் கேட்டுப் பார்த்தார். அன்று இரவுச் சாப்பாடு மிகவும் அமைதியாக நடந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை, விருந்தில் யார் எந்த மேசையில் என்று எழுதிய தாளோடு தோர்கில் வந்தார். வந்தவரிடம் கார்ஸ்டன் இயர்போனை நீட்டினார். தோர்கிலின் இடது காது, தோளில் சாயும் அக்கார்டியனை முப்பது ஆண்டுகள் தாங்கிச் சலித்த காது. அவர் வலது காதில் மட்டும் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

"மச்சான், கிட்டார் பிரமாதம். ஆனா டிரம் எங்க? ஆர்கன் எங்க? தனியா ஒரு ஆள் கிட்டாரை விறகு மாதிரி பொளந்துக்கிட்டிருக்கிற மாதிரில்ல இருக்கு."

கார்ஸ்டன் பின்னணி இசையைக் கூட்டினார். போதவில்லை என்றார் தோர்கில். மேலும் கூட்டினார். தோர்கில் காதில் எந்த மாற்றமும் இல்லை.

புதன்கிழமை காலை லிஸ்பெத் கேட்டாள். கிட்டார் இல்லை. கிட்டார் கூடியது. மதியம் தோர்கில் கேட்டார். டிரம் இல்லை. டிரம் கூடியது. ஒரே சுவரின் இரு முனைகளில் இரண்டு சேவல்கள் ஏறி நின்று, மற்றதன் குரல் தன்னுடையதை அமுக்கிவிடுமோ என்று மாறி மாறிக் குரலை உயர்த்தினால், தெருவின் கதி என்னவாகும்? கணினித் திரையில் இரண்டு ஒலிக்கோடுகளும் உச்சியை முட்டின. சிவப்பு விளக்கு எரிந்து அணையாமல் நின்றது. இரண்டு காதிலும் செருகிக் கேட்ட கார்ஸ்டனுக்குப் பெரும்புயலில் பாய்மரத் துணி கிழிவது போன்ற ஓசை கிடைத்தது.

இதில் அவரை மிகவும் வருத்திய செய்தி வேறு. அவர் தொழிலே தராசுகளைச் சோதிப்பது. மீன் ஏலக்கூடத்தின் பெரிய தராசு முதல் மருந்துக்கடையின் சிறு தராசு வரை, அந்தக் கரையோரத்தில் அவருடைய முத்திரை விழாத எடைப்பொறி இல்லை. கால் கிராம் பிசகினாலும் கண்டுபிடிப்பார். ஆனால் வீட்டில், இரண்டே தட்டுகளைச் சமப்படுத்த முடியவில்லை.

அன்று மாலை அண்ணனையும் தங்கையையும் ஒரே சோபாவில் அருகருகே உட்கார வைத்தார். ஒரே நேரத்தில் கேட்கட்டும், ஒரே பதிலைச் சொல்லட்டும் என்பது அவருடைய எண்ணம். இருந்தது ஒரே இயர்போன். லிஸ்பெத் ஒரு முனையை இடது காதில் செருகினாள். தோர்கில் மறுமுனையை வலது காதில் செருகிக்கொண்டார்.

"வெறும் டிரம்" என்றாள் லிஸ்பெத்.

"வெறும் கிட்டார்" என்றார் தோர்கில்.

"அண்ணா, உனக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கா?"

"அக்கார்டியன் வாசிக்கிறவன் காது இது. நீ ரொட்டிக்கடையில மாவு மெஷின் பக்கத்துல நிக்கிறவ."

இந்தச் சமயத்தில் வாசல் மணி அடித்தது. சுவரைப் பகிர்ந்துகொண்டிருக்கும் அடுத்த வீட்டு இங்கெர் நின்றிருந்தார். அவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு விண்ணப்பத்தோடு வந்திருந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கார்ஸ்டன் பின்னணி இசையை இயர்போனில் கேட்டுக்கொண்டே மறுபடி வாசித்துப் பதிவு செய்வதால், சுவருக்கு அப்பால் போவது கிட்டார் மட்டுமே. நான்கு தட்டு, பிறகு நீண்ட மௌனம், மறுபடியும் நான்கு தட்டு. மூன்று நாளாகத் தாம் காபிக் கோப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஐந்தாவது தட்டுக்காகக் காத்திருப்பதாகவும், அது வந்துவிட்டால் நிம்மதியாகக் குடித்துவிடலாம் என்றும் அவர் சொன்னார். அப்படியே சோபாவைப் பார்த்தார்.

"ஆளுக்கு ஒரு காதுல மாட்டிக்கிட்டா, பாதிப் பாதிதானே கேக்கும்?"

கார்ஸ்டன் மடிக்கணினியோடு இணைத்திருந்த பதிவுப் பெட்டியை மெல்லத் திருப்பிப் பார்த்தார். அதில் இரண்டு துளைகள். பின்னணி இசையை முதல் துளையிலும், கிட்டாருக்கான மைக்கை இரண்டாம் துளையிலும் செருகியிருந்தார். பெட்டி தன் கடமையை ஒழுங்காகச் செய்து, முதலாவதை இடது காதுக்கும் இரண்டாவதை வலது காதுக்கும் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக லிஸ்பெத் சொன்னதும் உண்மை. தோர்கில் சொன்னதும் உண்மை. லிஸ்பெத் காது மருத்துவரைப் பற்றி இப்போது ஒரு வார்த்தை பேசினாள். கார்ஸ்டன் அதைத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

வியாழக்கிழமை இரண்டு ஒலிகளையும் இரண்டு காதுகளுக்கும் பொதுவாக்கினார். பின்னணி இசையைப் பாதியாகக் குறைத்து, கிட்டாரை அதற்கு மேலே ஒரு விரற்கடை உயர்த்தி வைத்தார். அருமையாக வந்தது. வந்த இடத்தில் ஒரு புதிய வாத்தியமும் சேர்ந்துகொண்டது. ம்ம்ம் என்ற ஓர் ஒற்றைச் சுரம், சரணத்துக்குச் சரணம் நிற்காமல் முனகியது. தேடிப் பார்த்ததில் அது சமையலறைக் குளிர்பெட்டி. இத்தனை நாள் இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அதன் முனகலை, இரைச்சலைக் குறைத்ததும் மைக் தெளிவாக எடுத்துக் கொடுத்துவிட்டது.

அவர் கதவுகளைச் சாத்திப் பார்த்தார். மைக்குக்குப் போர்வை போர்த்திப் பார்த்தார். கடைசியில் சமையலறைக்குப் போய்க் குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். வீடு அப்படியொரு அமைதியை அதுவரை கண்டதில்லை. அந்த அமைதியில் கிட்டாரை முதலிலிருந்து கடைசிவரை பிசகின்றி ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். தம் வாழ்நாளில் இதைவிட நன்றாக வாசித்ததில்லை என்று அவருக்கே தோன்றியது. அந்த மகிழ்ச்சியில் படுக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை லிஸ்பெத் குளிர்பெட்டியைத் திறந்தாள். விருந்துக்கென்று வாங்கி வைத்திருந்த ஐஸ்கிரீம் கேக்குகள் ஆறு. கேக் ஒன்றுக்கு எட்டுத் துண்டு வீதம் நாற்பத்தெட்டுப் பேருக்குக் கணக்குப் பார்த்து வாங்கியவை. ஆறும் இப்போது ஒன்றாகி, கீழ்த்தட்டு வழியாகத் தரைக்கு வந்துகொண்டிருந்தன.

அவள் கத்தவில்லை. துடைப்பத்தை அவர் கையில் கொடுத்தாள். "கொட்டகைச் சாவி கொக்கியில தொங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஐஸ்கிரீம் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். நிபந்தனை அப்படியே இருக்கிறதா, இல்லை தீர்ப்பே வந்துவிட்டதா என்று கேட்கும் துணிவு கார்ஸ்டனுக்கு இல்லை.

சனிக்கிழமை காலை, பொன்விழா வழக்கப்படி வாசலில் தேவதாருக் கிளை வளைவு கட்டி, மாமனார் மாமியாரைப் பாட்டால் எழுப்பி, ரொட்டியும் கசப்புச் சாராயமும் ஆனபின், கார்ஸ்டன் எல்லோருக்கும் முன்பாக ஊர்மன்றத்துக்குப் போய்விட்டார். மேடையில் ஸ்பீக்கரை வைத்தார். மின்சாரத் துளை மணமக்கள் மேசைக்குப் பின்சுவரில் இருந்தது. ஒயரை மேசைக்கடியில் ஓட்டி, நடுவில் நீட்டிப்பு ஒயரோடு இணைத்தார். காலியான மண்டபத்தில் பதிவை நான்கு முறை போட்டுப் பார்த்தார். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார், நடுவில் கேட்டார், கழிவறைக் கதவருகே நின்றும் கேட்டார். கிட்டாரும் பின்னணியும் ஒரே உயரத்தில் நின்றன. பாட்டின் வார்த்தைகளுக்கு இடமிருந்தது. ஸ்பீக்கரின் குமிழ் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். முத்திரை வைப்பது அவர் வழக்கம்.

அவர் மேசைக்கடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தபோது, முன்னால் ஒரு ஜோடிக் கறுப்புக் காலணிகள் நின்றிருந்தன. அவற்றுக்கு மேலே ஐனர் நின்றிருந்தார். பொன்விழா மணமகனுக்குரிய வெள்ளைப்பூ சட்டையில் இருந்தது.

"அங்க என்ன பண்ற?"

கார்ஸ்டன் விளக்கினார். இந்த இணைப்பு இருக்கிறதே, மொத்த இசைக்கும் உயிர் இதில்தான். யாருடைய காலும் பட்டுவிடக் கூடாது. மேசையில் உட்காரும் எல்லோரிடமும் சொல்லிவைக்கப் போவதாகவும் கூறினார். ஐனர் குனிய முயலவில்லை. அவருடைய முழங்கால்கள் மடங்குவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. காலணி நாடாவைக்கூட மாமியார் ஆஸ்டாதான் கட்டிவிடுவார். அவர் மேசைவிரிப்பைச் சற்று விலக்கிப் பார்த்துவிட்டு, "அப்படியா" என்றார்.

விருந்து நன்றாக நடந்தது. சூப் வந்தது, போனது. கன்றிறைச்சி வந்தது, மறுபடியும் வந்தது. தோர்கில் தம் உரையில் இரண்டு இடத்தில் அழுதார்; அதில் ஓர் இடம் எழுதி வைத்தது. கரண்டிகள் கோப்பைகளில் தட்டப்பட்டபோது, ஐனரும் ஆஸ்டாவும் எழுந்து நின்று முத்தமிட்டார்கள். வழக்கப்படி நாற்காலி மேல் ஏறி நின்று முத்தமிட வேண்டும்; அதை மட்டும் வயது கருதித் தள்ளுபடி செய்தார்கள். கார்ஸ்டன் எதையும் சுவைக்கவில்லை. பாட்டுத்தாள்கள் வழங்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே லிஸ்பெத் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டுக்குச் சற்றுமுன், எங்கோ ஒரு கால் தரையில் தட்டத் தொடங்கியது. உடனே இன்னொன்று. பிறகு தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட கால்கள் மரத்தரையில் மத்தளம் கொட்டின. கரண்டி தட்டினால் மேலே முத்தம். கால் தட்டினால் மேசைக்கடியில் முத்தம். முதியவர்களை விட்டுவிடலாமே என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் ஐனர் ஒரு கையால் மேசையையும் மறு கையால் ஆஸ்டாவையும் பிடித்துக்கொண்டு, கீழே இறங்கிவிட்டார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. இருவரும் கீழே நெடுநேரம் இருந்தார்கள். இளையவர்கள் சீழ்க்கை அடித்தார்கள். மேசைவிரிப்பு அசைந்தது. கடைசியில் ஐனர் முகம் சிவந்து, தலைமுடி கலைந்து மேலே வந்தபோது, எண்பது வயதிலும் இப்படியொரு காதலா என்று லிஸ்பெத்தின் கண்கள் கலங்கிவிட்டன.

அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் பாட்டுக்கு அழைப்பு வந்துவிட்டது. கார்ஸ்டன் கணினியின் பொத்தானை அழுத்தினார். முன்னிசை நான்கு அடி. ஆனால் தோர்கில் எந்தப் பாட்டிலும் முன்னிசை முடியும்வரை காத்திருந்தவரல்லர். பொத்தானை அழுத்திய கை திரும்புவதற்குள் அவர் உரத்த குரலில் தொடங்கிவிட்டார். மற்ற நாற்பத்தாறு பேரும் பின்தொடர்ந்தார்கள்.

கார்ஸ்டன் பாடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஒலிக்கோடுகளும் தோளோடு தோள் சேர்ந்து பச்சை நிறத்தில் ஏறி இறங்கின. சிவப்பு ஒருமுறைகூட எரியவில்லை. முதல் சரணத்தில் தம் கிட்டாரைத் தேடினார், தனியாக அகப்படவில்லை. இரண்டாம் சரணத்தின் முடிவில் தாம் தந்தியை வளைத்து எழுப்பிய நுட்பமான சுரம் தம் காதில் தெளிவாக விழுந்ததாகப் பின்னாளில்கூடச் சத்தியம் செய்யக்கூடிய நிலையில் இருந்தார். மூன்றாம் சரணத்தில் நிம்மதி வந்துவிட்டது. இசை எங்கும் துருத்தவில்லை. எல்லாக் குரல்களுக்கும் அடியில், வீட்டுக்கு அஸ்திவாரம் போல, கண்ணுக்குத் தெரியாமல் அது இருந்தது.

வார்த்தைகள் ஒன்றுவிடாமல் கேட்டன. அமைச்சரை ஏற்றி வந்த கப்பலை ஐனர் மணல்திட்டில் ஏற்றிய கதை நான்காம் சரணத்தில் வந்தபோது, ஐனர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அதை நாற்பதாண்டுகளாக அவர் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆறாம் சரணத்தில், புயல் இரவுகளில் ஆஸ்டா சன்னலில் விளக்கு வைத்த வரியில், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாட்டு முடிந்தது. ஒன்பது முறை "ஹுர்ரா" என்று வாழ்த்து முழங்கியது.

முதலில் வந்தவர் தோர்கில். கொஞ்ச நேரம் கார்ஸ்டனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒத்துக்கறேன் மச்சான். கிட்டார் எங்க முடியுது, டிரம் எங்க ஆரம்பிக்குதுன்னே பிரிச்சுச் சொல்ல முடியல."

அடுத்து லிஸ்பெத் வந்தாள். கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. கிட்டார் இனி ஹாலில்தான் என்றாள். ஐஸ்கிரீமைப் பற்றிப் பேசவே இல்லை.

கடைசியாக ஐனர், மெல்ல நடந்து மேடைக்கே வந்தார். மருமகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கார்ஸ்டனின் திருமணத்தன்று ஒருமுறை அப்படிக் குலுக்கியவர்; இது இரண்டாவது முறை.

"இதுதான் சரியான அளவு. இதுல எதையும் மாத்திராத. அடுத்த மாசம் ஞானஸ்நான விருந்துக்கும் இதையே போடு."

"இதே அளவுலயா?"

"துளிகூடக் குறையாம, துளிகூடக் கூடாம" என்றார் ஐனர். வேறொன்றும் சொல்லாமல் காபிக்குப் போய்விட்டார்.

கார்ஸ்டன் ஸ்பீக்கரின் பென்சில் கோட்டை ஒருமுறை பார்த்தார். இருபது ஆண்டுகளில் தாம் சோதித்த எந்தத் தராசும் இவ்வளவு நேராக நின்றதில்லை என்று எண்ணிக்கொண்டார். மனம் நிறைந்திருந்ததால், ஒரு கோப்பைக் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு மாமியாரிடம் போய் அமர்ந்தார். ஆஸ்டா தம் உடையின் முழங்கால் பகுதியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். இந்த வயதிலும் மேசைக்கடியில் அவ்வளவு நீண்ட முத்தமா, மண்டபமே அசந்துவிட்டதே என்று கார்ஸ்டன் அவரை வாழ்த்தினார்.

ஆஸ்டா காபியில் சர்க்கரையைக் கலக்கியபடி பெருமூச்சு விட்டார்.

"முத்தமா? அத ஏன் கேக்கறீங்க மாப்பிள்ளை, நான் கண்ணை மூடிக்கிட்டுக் காத்திருந்ததுதான் மிச்சம். அந்த மனுஷன் அவ்வளவு நேரமும் ஏதோ ஒயரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தாரு."